கடவுச்சொல் கேட்ட வைஃபை

மூன்று நாள் பயிற்சிக்காக வெளியூர் சென்றிருந்தேன். முதல் நாள் அமர்வு முடிந்து விடுதி அறைக்குத் திரும்பியபோது மாலை ஏழரை மணி. தலைமையாசிரியரிடமிருந்து அழைப்பு வந்தது.

"சார், அந்த உதவித்தொகை லிஸ்ட் நாளைக்குன்னு சொன்னாங்கல்ல, இன்னைக்கு ராத்திரியே மெயில்ல வேணுமாம். உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்குங்க மேடம். இப்பவே அனுப்பிடறேன்."

அறைக்குள் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. பட்டியல் என் மின்னஞ்சல் கணக்கோடு சேர்ந்த இணையச் சேமிப்பில் இருந்தது. கைபேசியில் வைஃபையைத் திறந்து பார்த்தேன். விடுதியின் பெயரில் இரண்டு இணைப்புகள் தெரிந்தன. ஒன்றில் பூட்டுக் குறி இருந்தது. இன்னொன்றில் விடுதியின் பெயரோடு 'கெஸ்ட்' என்று சேர்ந்திருந்தது. பூட்டு இல்லை, சிக்னல் முழுதாக இருந்தது. இரண்டாவதைத் தொட்டேன். உடனே ஒரு பக்கம் திறந்தது. மேலே விடுதியின் பெயர், கீழே 'இலவச இணையத்துக்கு உங்கள் மின்னஞ்சல் கணக்கில் நுழையவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்கும் கீழே நாம் தினமும் பார்க்கும் அதே வண்ண எழுத்துகள். மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் அடித்தேன். 'கடவுச்சொல் தவறு' என்றது. மறந்துவிட்டேனோ என்று, மற்ற எல்லா இடங்களுக்கும் நான் வைத்திருந்த இன்னொரு கடவுச்சொல்லை அடித்தேன். அதுவும் தவறு என்றது.

கீழே வரவேற்பில் போய்க் கேட்டேன். "கெஸ்ட்டா? எங்களுக்கு ஒரே வைஃபைதான் சார். பாஸ்வேர்டு உங்க சாவி அட்டைக்குப் பின்னாடியே இருக்கு பாருங்க" என்றார் அங்கிருந்தவர். இருந்தது.

அந்த நிமிடமே கடவுச்சொல்லை மாற்றியிருக்க வேண்டும். நானோ 'ஏதோ பழைய இணைப்பு போல' என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்ததும் களைப்பில் தூங்கியும் போனேன். காலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தபோது, உங்கள் கணக்கில் புதிய கருவியிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள் என்ற அறிவிப்பு. நேரம் இரவு 1.40. ஏறக்குறைய நான்கு மணி நேரம் என் கணக்கு வேறு ஒருவர் கையில் இருந்திருக்கிறது.

கணக்கில் பணம் சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை. ஆனால் அந்த எக்செல் பட்டியல் இருந்தது. 38 பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், பெற்றோரின் கைபேசி எண், வங்கிக் கணக்கு எண். நான் இரண்டாவதாக அடித்த கடவுச்சொல், பள்ளி அலுவல் பதிவுகளுக்கு நான் பயன்படுத்திய அதே சொல்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று, வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசியின் சொந்த டேட்டாவில் இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றினேன். மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுத்தேன். கணக்கை மீட்பதற்கான கைபேசி எண் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். எனக்கு வரும் அஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி அமைத்திருக்கிறார்களா என்றும் பார்த்தேன். பலர் இதைப் பார்ப்பதில்லை. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அஞ்சல்கள் திருடனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை. பட்டியலைத் திறந்து பார்த்தார்களா என்பதை மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தலைமையாசிரியரை அழைத்துச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "லிஸ்ட் கிடக்கட்டும் சார். பிள்ளைங்க வீட்டுக்குச் சொல்லணுமே" என்றார். பட்டியல் காலை பத்தரைக்குத்தான் போனது. ஏன் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் 38 வீடுகளுக்கும் பேசினோம். உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோரை அழைத்து, பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்லி, ஓடிபி வாங்கிப் பணம் பறிக்கும் மோசடி நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. காவல்துறையே எச்சரித்திருக்கிறது. அப்படி யாராவது பேசினால் எதுவும் சொல்லாமல் வைத்துவிடுங்கள், பள்ளிக்குத் தகவல் சொல்லுங்கள் என்றோம். பேரனை வளர்க்கும் ஒரு பாட்டி, "நீங்க கேட்டீங்கன்னுதானே சார் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பாதுகாப்பான இணையம் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பேசியவன்தான் நான். 'பொது வைஃபையைப் பயன்படுத்தாதீர்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். அந்த வரியால் எனக்கே பயன் இருக்கவில்லை. எட்டாம் வகுப்புக்கு இதை இரண்டு பாடவேளைகளில் எப்படி மாற்றி நடத்தினேன் என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன். எந்தப் பாட ஆசிரியரும் நடத்தலாம். கணினி கூடத் தேவையில்லை.

முதல் நாள் ஓர் அஞ்சலட்டையும் ஓர் உறையும் எடுத்துப் போனேன். அஞ்சலட்டையில் ஒரு செய்தி எழுதி, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை கைமாற்றி அனுப்பச் சொன்னேன். போய்ச் சேர்ந்ததும் நடுவில் உட்கார்ந்திருந்தவர்களிடம் "என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டேன். வகுப்பே சொன்னது. அடுத்து, ஒட்டிய உறை. இப்போது நடுவில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது, யாருக்குப் போகிறது என்பது மட்டும்.

பழைய இணையம் அஞ்சலட்டை. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க நிரலாளர் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு கருவியை வெளியிட்டார். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அதைச் சேர்த்துக்கொண்டு, பூட்டில்லாத வைஃபை உள்ள ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தால் போதும். அதே வைஃபையில் ஃபேஸ்புக் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஒரு பெயரைத் தொட்டால் அவருடைய கணக்குக்குள் நுழைந்துவிடலாம். கடவுச்சொல்லை அது திருடவில்லை. நாம் உள்ளே நுழைந்தபின் 'இவர் ஏற்கெனவே வந்தவர்தான்' என்று தளம் நம் உலாவிக்குக் கொடுக்கும் அடையாளச் சீட்டைத் திருடியது. நிறுவனங்கள் அலட்சியமாக இருக்கின்றன என்று காட்டுவதற்காகவே அவர் அதை வெளியிட்டார், பலன் கிடைத்தது. ஜிமெயில் அந்த ஆண்டு ஜனவரியிலேயே எல்லோருக்கும் மறையாக்கத்தைக் கொண்டுவந்திருந்தது. ஃபேஸ்புக் 2013க்குள் கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு, மறையாக்கத்துக்குத் தேவையான சான்றிதழை எல்லாத் தளங்களுக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. இன்று முகவரியில் 'எச்டிடிபிஎஸ்' என்று வரும் தளங்கள் எல்லாம் ஒட்டிய உறைதான். வங்கிச் செயலிகளும் வாட்ஸ்அப்பும் அப்படியே. உறையின் மேல் முகவரி தெரிவதுபோல, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது வைஃபைக்காரருக்குத் தெரியலாம். உள்ளே என்ன எழுதினோம் என்பது தெரியாது.

ஆகவே பொது வைஃபையில் உட்கார்ந்தாலே எல்லாம் திருட்டுப் போய்விடும் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது பாதி உண்மைதான். பிள்ளைகள் ரயில் நிலையத்தில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, 'சார் சொன்ன மாதிரி ஒன்றும் ஆகவில்லையே' என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். பிறகு நாம் எதைச் சொன்னாலும் எடுபடாது.

அப்படியானால் எனக்கு என்ன நடந்தது? அதற்குத்தான் மூன்றாவது சுற்று. 'நூலகர் அவர்களுக்கு' என்று எழுதி இன்னோர் உறையை ஒட்டினேன். பாடவேளை தொடங்கும் முன்பே கடைசி வரிசை மாணவன் ஒருவனிடம் 'நூலகர்' என்று எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொல்லியிருந்தேன். உறை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. வழியில் யாரும் பிரிக்கவில்லை. அவன் பிரித்து, சத்தம் போட்டுப் படித்தான். "சார், அவன் நூலகரே இல்லையே!" என்று வகுப்பு கத்தியது. "அட்டை குத்தியிருந்தானே" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

உறை ஒட்டியிருப்பது வழித்திருட்டைத் தடுக்கும். போய்ச் சேரும் ஆள் சரியான ஆள்தானா என்று அது சொல்லாது. 'பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் நம்பலாம்' என்று நாம் சொல்லிக்கொடுத்து வந்ததில் உள்ள ஓட்டை இதுதான். போலித் தளம் நடத்துபவரும் சான்றிதழ் வாங்கிப் பூட்டுப் போட்டுக்கொள்ள முடியும். பூட்டைப் பார்த்ததும் தளமே நல்லது என்று மக்கள் நம்புகிறார்கள் என்பதால், 2023இல் கூகுள் தன் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. நம் பாடக்குறிப்புகளில் அந்தப் படம் இருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் என் கைபேசியை மட்டும் எடுத்துப் போனேன். ஹாட்ஸ்பாட் அமைப்பில் பெயரை மாற்றும் இடத்தைக் காட்டி, "இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?" என்று கேட்டேன். பெயர்கள் பறந்தன. தலைமையாசிரியர் அலுவலகம், ஊராட்சி மன்றம், ஒரு நடிகரின் பெயர், கடைசியில் 'விமான நிலையம்'. ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன். உடன் பணிபுரியும் ஆசிரியை தம் கைபேசியில் அந்தப் பெயர்கள் வருவதை வகுப்புக்குக் காட்டினார். எங்கள் ஊரில் விமான நிலையம் கிடையாது; விமான நிலைய வைஃபை வந்துவிட்டது. வைஃபையின் பெயரை யாரும் பதிவு செய்வதில்லை, யாரும் சரிபார்ப்பதுமில்லை. கடைப் பெயர்ப் பலகைக்குக் கூட உள்ளாட்சியில் கேள்வி உண்டு, இதற்கு இல்லை.

பிறகு நடந்ததுதான் வகுப்பை ஆட்டிவைத்தது. அந்த ஆசிரியையின் கைபேசியில் ஒரு பூட்டில்லாத பொது வைஃபையின் பெயர் சேமிக்கப்பட்டிருந்தது. எப்போதோ பயணத்தில் பயன்படுத்தியது. அவர் அனுமதியோடு, அதே பெயரை என் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்து, கடவுச்சொல்லையும் எடுத்துவிட்டேன். மேசைமேல் கிடந்த அவர் கைபேசி தானாக என் இணைப்பில் சேர்ந்துகொண்டது. "சார், நான் தொடவே இல்ல!" என்றார். பழகிய பெயரைக் கேட்டால் கைபேசி ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும்; யார் அழைக்கிறார் என்று பார்க்காது. அன்று மாலையே எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் பழைய வைஃபை பெயர்களை அழித்தார்கள். ஒருவர் கைபேசியில் 20க்கு மேல் இருந்தன. செய்து காட்டி முடித்ததும் ஹாட்ஸ்பாட்டுக்கு மீண்டும் கடவுச்சொல் போட மறக்காதீர்கள்.

இது விளையாட்டில்லை என்று காட்ட, ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொன்னேன். 2024 ஏப்ரலில் ஓர் உள்நாட்டு விமானத்தில் சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்று தெரிவதை விமான நிறுவன ஊழியர்கள் கவனித்துப் புகார் செய்தார்கள். பெர்த் விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் கைப்பையில், கையடக்கமான ஒரு வைஃபை கருவியும் மடிக்கணினியும் கைபேசியும் இருந்தன. விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் உண்மையான வைஃபையின் பெயரிலேயே அவர் போலி இணைப்பை நடத்தியிருக்கிறார். சேர்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் திறக்கும். மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கால் நுழையச் சொல்லும். என் விடுதி அறைக் கதைதான். அங்கே அவருக்கு 2025இல் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும் பிறர் கடவுச்சொல்லைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதையும் வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது. ஹாட்ஸ்பாட் பெயர் மாற்றுவதைக் கற்றுக்கொண்ட எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கண்களில் நான் பார்த்த வெளிச்சம் அப்படி.

"வைஃபை குடுக்கிறவருக்கு உங்ககிட்டயிருந்து என்ன தெரியணும்?" என்று கேட்டேன். யோசித்து, "நாம யாருன்னு" என்றாள் ஒரு மாணவி. சரிதான். நம் ரயில் நிலையங்களில் ரயில்டெல் நிறுவனம் தரும் 'ரயில்வயர்' இணைப்பு, 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கியது. அது கைபேசி எண்ணைக் கேட்கும். ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கும். நம் மின்னஞ்சலின் கடவுச்சொல் அதற்கு எதற்கு? வைஃபைக்கு உரிய கடவுச்சொல்லை அவர்கள் நமக்குத் தருவார்கள். நம்முடையதை அவர்கள் கேட்க மாட்டார்கள். விடுதி, மருத்துவமனை, திருமண மண்டபம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்து வந்த கேள்விக்கு நான் தயாராக இல்லை. "அப்போ ஓடிபி கேட்டா மட்டும் குடுக்கலாமா சார்?" பின்வரிசை மாணவன் ஒருவன் கேட்டான். மறுநாள்தான் பதில் சொன்னேன். போலி வைஃபை பக்கம் நம் கைபேசி எண்ணைக் கேட்கும். நாம் அடிப்போம். அதை நடத்துபவர் தன் கைபேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து நம் எண்ணைப் போடுவார். நமக்கு ஆறு இலக்க எண் வரும். அதை வைஃபைக்கான ஓடிபி என்று நினைத்து அந்தப் பக்கத்தில் அடித்தால், நம் வாட்ஸ்அப் அவரிடம் போய்விடும். வகுப்புப் பெற்றோர் குழுக்களையெல்லாம் நடத்துகிற ஆசிரியரின் வாட்ஸ்அப் போனால், அடுத்து 'அவசரமாக ஐயாயிரம் அனுப்புங்கள்' என்ற செய்தி யார் பெயரில் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து அடிக்கக் கூடாது. குறுஞ்செய்தியை முழுதாகப் படிக்க வேண்டும். யார் அனுப்பியது, எதற்கு என்று அதிலேயே இருக்கும். பிள்ளைகளை வீட்டில் பெற்றோரின் கைபேசியில் வந்த பழைய ஓடிபி செய்திகளைப் படித்து, எது எதற்கு வந்தது என்று எழுதிவரச் சொன்னேன். எண்களை எழுதக் கூடாது என்பது நிபந்தனை. இந்த வீட்டுப்பாடத்தைத் தவறாமல் கொடுங்கள். வகுப்புக்கு வராத பெற்றோரும் உடன் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் விமானத்தில் போகாவிட்டாலும் ஊர்த் திருவிழாவில், பேருந்தில், மாமா கடையில் யாருடைய ஹாட்ஸ்பாட்டிலாவது சேர்கிறவர்கள்தான். கொடுப்பதிலும் கவனம் வேண்டும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டின் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது. விசாரணை முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில். முன்பின் தெரியாதவர் 'ஒரு நிமிஷம் நெட் குடுங்க' என்றால் மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

ஆசிரியர்களாகிய நமக்கு என்று சில. எமிஸ், வருகைப்பதிவு, சம்பளம், வங்கி ஆகியவற்றைப் பயணத்தில் சொந்த டேட்டாவில் மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். பள்ளிக் கையடக்கக் கணினியை எடுத்துப் போனால் என் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைக்கிறேன். பொது வைஃபையில் இருக்கும்போது, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று உலாவி சிவப்பில் எச்சரித்தால், 'பரவாயில்லை, தொடர்க' என்பதைத் தொடாமல் திரும்பிவிட வேண்டும். அந்த எச்சரிக்கைதான் நாம் பேசும் ஆள் வேறு ஆளாக இருக்கலாம் என்று சொல்லும் ஒரே குரல். விபிஎன் போட்டுக்கொள்ளலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். யார் நடத்துவது என்று தெரியாத இலவச விபிஎன், வைஃபைக்காரரிடமிருந்து நம் போக்குவரத்தை எடுத்து இன்னொரு அந்நியரிடம் கொடுப்பது. போலிப் பக்கத்தில் நாமே கடவுச்சொல்லை அடித்தால் நல்ல விபிஎன்னும் காப்பாற்றாது. என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இருபடிச் சரிபார்ப்பு. கடவுச்சொல் தெரிந்தாலும் என் கைபேசியின் ஒப்புதல் இல்லாமல் இரவு 1.40க்கு உள்ளே வந்திருக்க முடியாது. பயிற்சிக்குப் போகும் முன் ஐந்து நிமிடத்தில் அமைத்திருக்கலாம்.

தவறு நடந்துவிட்டால் வெட்கம்தான் முதலில் வரும். நான் சாப்பிடப் போனதும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகராமல் நிறுத்த வாய்ப்பு உண்டு. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் போகாவிட்டாலும் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். நம்மிடம் இருக்கும் விவரங்கள் நம்முடையவை அல்ல.

அந்த 38 பேரின் பட்டியலை என் சேமிப்பிலிருந்து நீக்கினேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கினேன். அதைத் தேடும்போது முந்தைய நான்கு ஆண்டுகளின் பட்டியல்களும் கிடைத்தன. அவற்றில் இருந்த பிள்ளைகள் பலர் பள்ளியை விட்டே போய்விட்டார்கள். அவையும் போயின. இப்போது எங்கள் பள்ளியில் இத்தகைய பட்டியல் அலுவலகக் கணினியில், திறக்கக் கடவுச்சொல் போட்ட கோப்பாக மட்டும் இருக்கிறது. பணி முடிந்த மாதமே அழித்துவிட்டு, அழித்த தேதியை ஒரு நோட்டில் எழுதி தலைமையாசிரியர் கையொப்பம் வாங்குகிறோம். சென்ற வாரம் பேரனைக் கூப்பிட வந்த அந்தப் பாட்டியிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பேரனைப் படிக்கச் சொன்னார்.